காலி டைரக்டரியும் என் அண்ணனின் வலக்கையும்

“உங்க வீட்ல ஒருத்தரும் பள்ளிக்கூடத்துப் படி ஏறினதில்லைன்னு நீயேதான் சொன்னே. டைப் அடிக்கறே, அதுவே பெரிசு. உன் டைரக்டரிக்குள்ள இரும்மா. மேல ஏறிப் பாத்து உனக்கு என்ன புரியப் போகுது?”

எங்கள் சிஸ்டம் ஆபீசர் இதைச் சொன்னது ஒரு மதிய இடைவேளையில். அவர் பெங்களூர்க்காரர். தினமும் அத்திப்பள்ளி தாண்டி ஸ்கூட்டரில் ஓசூருக்கு வருவார். கெட்டவர் இல்லை. கத்தவும் இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அதுதான் வலித்தது. என் அப்பா கையால் அடிப்பார். அந்த வலி மறுநாளைக்கு இருக்காது.

அப்பாவுக்குச் சூளகிரிப் பக்கம் கல் குவாரியில் வேலை. வெடி வைத்துப் பிளந்த பாறையைச் சம்மட்டியால் உடைக்க வேண்டும். ஒருநாள் சில்லு தெறித்து இடது கண் போயிற்று. குவாரி மேஸ்திரியிடம் காட்ட முடியாத கோபத்தையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவருவார். ப்ளஸ் டூ முடித்துவிட்டு ஓசூரில் கம்ப்யூட்டர் கோர்ஸ் சேரப்போகிறேன் என்று நான் சொன்ன அன்று மாட்டுக் கயிற்றை உருவினார். அண்ணன் குறுக்கே வந்து நின்றான்.

“அவள உடு. என்ன அடி. அவ போவா.”

கயிறு அவன் முதுகில் விழுந்தது. அவன் நகரவில்லை. அப்பாவுக்குத்தான் கை ஓய்ந்தது. மறுவாரம் நான் கோர்ஸில் சேர்ந்தேன். அண்ணனுக்கு எழுத்துத் தெரியாது. பல் விழுந்து முளைத்த வயதிலேயே அவனைக் குவாரிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு அவன் ஓசூரில் கியர் செய்யும் ஒரு கம்பெனியில் ஃபோர்ஜ் ஷாப்பில் சேர்ந்தான். பழுக்கக் காய்ச்சிய இரும்பை இடுக்கியில் பிடித்து, மேலிருந்து விழும் பெரிய சுத்தியலுக்குக் கீழே காட்டுவது அவன் வேலை. ஒரு கணம் தவறினால் கை கூழாகிவிடும். அவன் கை தவறியதே இல்லை. அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில்தான் எனக்கும் டேட்டா என்ட்ரி வேலை கிடைத்தது. அவன் சிபாரிசில் இல்லை. பரீட்சை வைத்தார்கள், நான் முதலில் வந்தேன்.

சுத்தியல் விழும்போதெல்லாம் எங்கள் அறையில் ஜன்னல் கண்ணாடி அதிரும். அண்ணன் இன்னும் நிற்கிறான் என்பதற்கு எனக்கு அதுதான் அடையாளம்.

எங்கள் மெஷினில் யூனிக்ஸ் ஓடியது. நான் கோர்ஸில் பழகிய சின்னக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனித்தனி எழுத்து. ஏ என்றால் ஒன்று, சி என்றால் இன்னொன்று. இங்கே அப்படி இல்லை. எத்தனை டிஸ்க் இருந்தாலும் ஒரே மரம்தான். அதன் உச்சியில் ஒரு சாய்ந்த கோடு மட்டும் இருக்கும். அதற்கு ரூட் என்று பெயர், வேர். வேர் மேலே, கிளையெல்லாம் கீழே. நாங்கள் அடிக்கும் கட்டளைகள் ‘பின்’ என்ற கிளையில் இருந்தன. மெஷின் எப்படி எழுந்திருக்க வேண்டும், யார் யார் உள்ளே வரலாம் என்பது ‘ஈடிசி’யில். டெர்மினல், பிரிண்டர், டிஸ்க் எல்லாவற்றுக்கும் ‘டெவ்’ என்ற கிளையில் ஒரு பெயர். ‘டெம்ப்’ என்பது யார் வேண்டுமானாலும் எதையாவது போட்டுவைக்கும் இடம்; எப்போது துடைக்கப்படும் என்று சொல்ல முடியாது. எங்களைப் போன்றவர்களுக்கு ‘யூசர்’ என்ற கிளைக்குக் கீழே ஃபைல்களைப் போட்டுவைக்க ஆளுக்கொரு டைரக்டரி.

நாங்கள் ஆறு பெண்கள். மற்றவர்கள் சாப்பாட்டு நேரத்தில் மரத்தடிக்குப் போவார்கள். நான் டெர்மினலிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு படியாக மேலே ஏறுவேன். இரண்டு புள்ளி வைத்தால் ஒரு படி மேலே. ஏறிக்கொண்டே போனால் ஓரிடத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் எத்தனை முறை ஏறினாலும் அதே சாய்ந்த கோடுதான். அங்கிருந்து ஒவ்வொரு கிளையாக இறங்கி, என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். பூட்டியிருந்தால் விட்டுவிடுவேன். பூட்டாததையெல்லாம் படித்தேன். ஆபீசர் என்னைப் பிடித்ததும் அந்தச் சொல்லைச் சொன்னதும் அப்போதுதான். சொன்ன பிறகும் நான் நிறுத்தவில்லை. அவர் இல்லாத நேரமாகப் பார்த்துக்கொண்டேன்.

ரூட்டுக்கு நேர் கீழே ‘பார்ட்ஸ்’ என்று ஒரு டைரக்டரி இருந்தது. கம்பெனியின் உயிர் அதில்தான். ஷாப்பில் இருந்த கம்ப்யூட்டர் மெஷின்கள் ஒவ்வொரு கியரையும் எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்ற எண்களெல்லாம் அங்கே. அது முதல் டிஸ்க்கில் இல்லை. இரண்டாவது டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்து அந்தப் பெயரில் மாட்டியிருந்தார்கள். மெஷின் எழுந்திருக்கும்போது அந்த டிஸ்க்கை அந்தப் பெயரோடு சேர்க்கும். சேர்த்துவிட்டால், பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே மரமாகத்தான் தெரியும். எந்த டைரக்டரி எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று தெரியவே தெரியாது.

அந்த வருடம் மழைக்கு முன்னால் கம்பெனியில் தகராறு மூண்டது. ஃபோர்ஜ் ஷாப்பில் ஒருவனுக்கு முழங்கைக்குக் கீழே போய்விட்டது. அவன் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டார்கள். ஃபோர்ஜ் ஷாப் வேலைநிறுத்தத்தில் இறங்கியது, சுத்தியல் நின்றது. முதல் தடவையாக எங்கள் அறை அதிராமல் இருந்தது. நிர்வாகம் வெளியிலிருந்து ஆள் கொண்டுவந்தது. லாரியில் வந்து இறங்கினார்கள், கையில் சைக்கிள் செயின், இரும்புக் குழாய். கேட்டுக்குள் மோதல் வெடித்தது. செங்கல்லும் போல்ட்டும் பறந்தன. எங்கள் ஜன்னல் உடைந்து கண்ணாடி என் தலைமுடிக்குள் கொட்டியது. ஆபீசர் நெற்றியில் போல்ட் பட்டு ரத்தம் மூக்கின் மேல் வழிந்தது. அவர் பின்கதவு வழியாக ஓடினார். மற்றப் பெண்களும் அவர் பின்னால் ஓடினார்கள். நான் மேசைக்கு அடியில் இருந்தேன். எவனோ மெயின் சுவிட்சை இழுத்தான். எல்லாத் திரைகளும் ஒரே சமயத்தில் இருண்டன. வெளியிலிருந்து யாரோ கதவை உதைத்தார்கள். இரண்டாவது உதையில் கதவு பிளந்து உள்ளே விழுந்தது.

அண்ணன்.

“பாப்பா! எங்கடி இருக்க? வெளிய வா!”

என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். வழியில் ஒருவன் குழாயை ஓங்கினான். அண்ணன் அவனைத் தோளால் இடித்துச் சாய்த்துவிட்டு, நிற்காமல் காம்பவுண்டு உடைப்பு வழியாக என்னை ரோட்டுக்குத் தள்ளினான். செக்யூரிட்டி ஆள் ஒருவன் எங்களைப் பார்த்தான். அவன் பார்த்ததை நானும் பார்த்தேன்.

போலீஸ் காவலோடு கம்பெனியை மறுபடி திறந்தார்கள், வேலையும் ஓடத் தொடங்கியது. ஆபீசர் நெற்றியில் கட்டோடு வந்து மெஷினைப் போட்டார். திடீரென்று கரண்டு போன மெஷின், எழுந்திருக்கும்போது ஒவ்வொரு டிஸ்க்கையும் சோதிக்கும். ஆட்கள் விவகாரம் பார்க்கும் பர்சனல் மேனேஜர் அவர் தோளுக்கு மேல் குனிந்து நின்று, “சீக்கிரம், சீக்கிரம்” என்று விரட்டிக்கொண்டிருந்தார். மெஷின் எழுந்தது. ஆபீசர் பார்ட்ஸுக்குள் போனார்.

ஒன்றுமில்லை. ஒரு ஃபைல் கூட இல்லை.

யூனிக்ஸில் அழிக்கும் கட்டளைக்கு இரண்டே எழுத்து, ‘ஆர்எம்’. நிச்சயமா என்று கேட்காது. அழித்ததைத் திருப்பியும் தராது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆபீசர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயோ தேவரே, கடவுளே. எல்லாம் ஹோய்த்து. எல்லாம் போச்சு சார்.”

“யாரு?” என்றார் மேனேஜர்.

“கொத்தில்லா சார், தெரியாது. யாரோ உள்ள வந்து…”

செக்யூரிட்டி ஆளைக் கூப்பிட்டார்கள். ஃபோர்ஜ் ஷாப்காரன் ஒருவன் கதவை உதைத்து உள்ளே போனதைப் பார்த்தேன் என்றான் அவன். நான் எழுந்து நின்றேன்.

“சார், அது என் அண்ணன். என்னைக் கூட்டிப்போக வந்தது. அதுக்கு எழுத்தே தெரியாது. கீபோர்டைத் தொட்டதுகூட இல்லை. கரண்டே இல்லாதப்ப எப்படி சார் அழிக்க முடியும்?”

“அழிக்கறதுக்கு எழுத்து எதுக்கும்மா? உடைக்கறவனுக்கு என்ன படிப்பு வேணும்?” என்றார் மேனேஜர். “நீ உக்காரு.”

அண்ணனை மதியம் கேட்டிலேயே பிடித்தார்கள். நான் உடைந்த ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு போலீஸ்காரர் முழங்காலுக்குப் பின்னால் லத்தியால் அடித்தார். அண்ணன் மண்டியிட்டான். இன்னொருவர் முடியைப் பிடித்துத் தூக்கி ஜீப்பில் எறிந்தார். அவன் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. நான் பார்ப்பது தெரிந்துதான் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

அன்று சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போனேன். உள்ளே விடவில்லை. வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர் குரல் கேட்டது.

“எதைடா அழிச்சே?”

“தெரியாதுங்க சார்.”

“கம்ப்யூட்டர்ல எந்தப் பட்டனை அமுக்கினே?”

“கம்ப்யூட்டர்னா அந்த டிவி பொட்டிங்களா சார்? நான் எங்க தங்கச்சியத்தான் இட்டுக்கினு வந்தன்.”

“கூட யார் யார் வந்தது? பேரைச் சொல்லு.”

“யாரும் வரலைங்க.”

பிறகு ஒரு நாற்காலி நகரும் சத்தம். பிறகு பூட்ஸ். பிறகு அண்ணன் குரல், நான் அதுவரை கேட்டிராத குரல். இரும்பு பிடிக்கிற கையைத் தரையில் வைக்கச் சொல்லி ஏறி நிற்கிறார்கள் என்று வெளியே நின்ற கான்ஸ்டபிளின் முகத்தில் தெரிந்தது. அவர் என்னைப் பார்க்காமல் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போம்மா வீட்டுக்கு. பேரைச் சொல்ற வரைக்கும் இப்படித்தான்” என்றார்.

யார் பெயரையும் அவன் சொல்லமாட்டான் என்று எனக்குத் தெரியும். சொல்லாதவரை கை மேல் பூட்ஸ் இருக்கும். அவன் கையை நான்தான் வெளியே எடுக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, அந்த ஃபைல்கள் எங்கே போயின என்று கண்டுபிடிப்பது.

மறுநாள் காலையில் பழைய பிரிண்ட் அவுட் கட்டுகளை எங்கள் முன்னால் போட்டார்கள். எல்லாப் புரோகிராமையும் முதலிலிருந்து அடிக்க வேண்டும், அடித்து பார்ட்ஸில் சேர்க்க வேண்டும் என்றார் ஆபீசர். மற்றப் பெண்கள் தட்ட ஆரம்பித்தார்கள். நான் தட்டவில்லை. ரூட்டுக்கு ஏறினேன்.

அதற்குக் கீழே உள்ள டைரக்டரிகளை மட்டும் வரிசையாகக் காட்டச் சொன்னேன். ஒவ்வொன்றும் யாருடையது, யார் நுழையலாம், கடைசியாக எப்போது மாறியது, எல்லாம் வந்தன. அழித்தும் சேர்த்தும் விளையாடி நான் எப்போதோ கண்டுபிடித்திருந்த ஒன்று உண்டு. ஒரு டைரக்டரியில் ஃபைல் சேர்ந்தாலும் தேதி மாறும், அழிந்தாலும் தேதி மாறும். அழித்தவன் தன் சுவடை அழிக்க முடியாது, அழித்த நேரமே சுவடாகிவிடும்.

டெம்ப்பில் அன்றைய தேதி. ஈடிசியில் முந்தின நாள். பார்ட்ஸில், மெஷின் வாங்கி வைத்த வருடத்துத் தேதி.

நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தின தேதி அது. அதற்குப் பிறகு அந்த டைரக்டரியில் ஒரு ஃபைலும் சேரவில்லை, ஒரு ஃபைலும் அழியவில்லை என்று மெஷினே சொல்கிறது. ஆனால் போன வாரம்கூட அதில் நான் ஃபைல் சேர்த்திருக்கிறேன்.

உள்ளே போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு டிஸ்க்கின் உச்சியிலும் ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ என்று ஒரு டைரக்டரியை மெஷினே வைத்திருக்கும். டிஸ்க்கில் குழப்பம் வந்தால், ஊர் பேர் தெரியாத ஃபைல்களை அதில் கொண்டுபோய்ப் போடும். பார்ட்ஸில் அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இப்போது அது இல்லை. அது அழிந்ததற்கான தேதியும் இல்லை.

யாரும் எதையும் அழிக்கவில்லை. இரண்டாவது டிஸ்க் மாட்டப்படவே இல்லை. அது மாட்டும் இடத்தில், முதல் டிஸ்க்கில், வெறும் பெயராக ஒரு டைரக்டரி எப்போதுமே இருந்திருக்கிறது. டிஸ்க் வந்து மூடிக்கொண்டதால் அது காலி என்பதை நாங்கள் பார்த்ததில்லை. இப்போது டிஸ்க் இல்லாததால் பார்க்கிறோம்.

பக்கத்தில் இருந்தவள் தன் முதல் ஃபைலைச் சேர்க்கப்போனாள். சேர்த்தால் தேதி மாறிவிடும்; அவள் கையைத் தட்டிவிட்டேன். “ஏய், லூசாடி நீ?” என்றாள். “ஒரு நிமிஷம் இரு” என்று சொல்லிவிட்டு அந்தத் தேதியைப் பிரிண்ட் போட்டுக் கிழித்து எடுத்துக்கொண்டு ஆபீசர் அறைக்குப் போனேன்.

நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தத் தேதியைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. தன் டெர்மினலில் ஒரு கட்டளை அடித்தார். எந்தெந்த டிஸ்க் மாட்டியிருக்கிறது என்று காட்டும் கட்டளை அது. ஒன்றுதான் வந்தது.

“செக் பண்ணப்ப ரெண்டாவது டிஸ்க்ல நின்னுச்சு” என்றார் மெதுவாக. “கையால சரி பண்ணச் சொல்லிக் கேட்டுச்சு. அந்த ஆள் தலைமேல நின்னு கத்தினானா… நான் தாண்டிட்டேன். மறந்துட்டேன்.”

எந்தப் பூட்டையும் திறக்கும் ரூட்டின் பாஸ்வேர்ட் அவரிடம்தான். டிஸ்க்கைச் சோதித்துச் சரி செய்து மாட்டினார். பிறகு பார்ட்ஸைத் திறந்தார். திரை நிறைய, நிற்காமல், எல்லாம் மேலேறிப் போயின. ஒன்றுகூடக் குறையவில்லை.

“சார், எங்கண்ணன்” என்றேன்.

“இரும்மா. பதிஞ்சுவச்ச பழைய டேப் ஒண்ணு கிடைச்சுது, அதுல இருந்து திருப்பி எடுத்துட்டேன்னு சொல்லிடறேன். கம்பெனிக்கு ஃபைல் வந்தாப் போதும்.”

“திருப்பி எடுத்தேன்னா, அழிஞ்சதுன்னு ஆயிடும். அழிச்சது யாரு?”

அவர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“யாரு சார்?”

“சும்னிரம்மா! சும்மா இரு!” மேசையில் ஓங்கிக் குத்தினார். கீபோர்டு தரையில் விழுந்து எழுத்துகள் சிதறின. “நான்தான்னு சொல்லட்டுமா? வேலை போயிடும். கேட்ல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாங்க. நான் கன்னடக்காரன் வேற.”

மேனேஜரிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டார். புரிந்துகொண்டார் என்பதுதான் கொடுமை. புரியாதவரிடம் சண்டை போடலாம்.

“நல்லது. ஃபைல் இருக்கு. சந்தோஷம்” என்றார். “கேஸ் அது வேற. அன்னிக்குக் கலாட்டா பண்ணினவன் பேரெல்லாம் உங்கண்ணனுக்குத் தெரியும். சொல்லச் சொல்லு, சாயங்காலமே வீட்டுக்கு வந்துடுவான்.”

நான் மறுபடி ஆபீசர் அறைக்குப் போனேன். அவர் தரையில் உட்கார்ந்து கீபோர்டின் எழுத்துகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கதவைச் சாத்தினேன்.

“சார், இப்ப ஷிப்ட் விடுவாங்க. ஃபோர்ஜ் ஷாப் மொத்தமும் கேட்ல நிக்கும். எங்கண்ணன் அவங்களுக்கு எப்படின்னு உங்களுக்குத் தெரியும். நடந்ததை இன்னிக்கு யாராவது ஒருத்தர்கிட்ட நான் சொல்லியே ஆவணும். நீங்க ஸ்டேஷன்ல சொல்றீங்களா, நான் கேட்ல சொல்லட்டுமா?”

“பேடாம்மா, வேண்டாம். என்னை வெட்டிடுவாங்க.”

“தெரியும் சார்.”

அவருக்கு இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். மேசைக் கண்ணாடிக்கு அடியில் அவர்கள் படம் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் அப்படிச் சொன்னேன். அவர் வராமல் இருந்திருந்தால் கேட்டில் சொல்லியிருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட குரல் என் காதில் இருந்தது. அந்தக் கேள்விக்காக இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை.

ஹெல்மெட்டை எடுத்தார். “ஏறு” என்றார்.

அவர் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து கேட்டைத் தாண்டினேன். ஷிப்ட் விட்டிருந்தது. கூட்டம் எங்களைப் பார்த்தது.

“பாருங்கடா, ஆபீசர் பின்னாடி மகாராணி போறா!”

“அண்ணங்காரன் உள்ள ஒத வாங்கறான், இவளுக்குச் சவாரி கேக்குது!”

ஒரு கல் என் தோள்பட்டையில் விழுந்தது. அடுத்தது ஸ்கூட்டர் விளக்கை உடைத்தது. ஆபீசர் வண்டியை விட்டுவிடுவார் என்று பயந்து அவர் சட்டையைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குப் பதில் அவர் மேல் விழுந்திருக்கும். சொல்லவில்லை. அவரிடம் பேசிய பேச்சு பேச்சுதான்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் எங்களை நிற்கவைத்தே கேட்டார்.

“டிஸ்க்கை மாட்டலையா? அப்ப ஒடைஞ்சுதா?”

“ஒடையலை சார். என் தப்பு. அட்டாச் பண்ண விட்டுட்டேன்.”

“காலியா இருந்துச்சுன்னு உங்க மேனேஜர் எழுதிக் குடுத்திருக்காரு. காலியா இருந்துச்சா இல்லியா?”

“காலியாத்தான் இருந்தது, ஆனா…”

“என்னய்யா வெளையாடறே?”

நான் முன்னால் வந்தேன்.

“சார், பஸ் ஸ்டாண்டுல கிருஷ்ணகிரின்னு போர்டு போட்ட எடம் இருக்குதில்லீங்களா? பஸ் வந்து நின்னாத்தான் அங்க ஜனம் இருக்கும். பஸ் வராத நேரத்துல போர்டை மட்டும் பாத்துட்டு, ஐம்பது பேரையும் எவனோ கொன்னுட்டான்னு கம்ப்ளெயின்ட் குடுத்திருக்காங்க. பஸ் ஷெட்டுலயே நின்னுக்கினு இருந்துது. இன்னிக்கு வந்துடுச்சு. ஐம்பது பேரும் உள்ளதான் இருக்காங்க.”

டீ கிளாஸ் கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் அவரைத் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“அப்ப ஒண்ணுமே காணாமப் போகலை?”

“ஒண்ணும் போகலை சார்.”

“அப்புறம் எதுக்குடி நாங்க இவனை…” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. தொப்பியை எடுத்து மேசையில் எறிந்தார். ஆபீசர் சொன்னதை எழுதி வாங்கிக்கொண்டார்கள். அண்ணனைக் கொண்டுவந்தார்கள்.

அவனாக நடக்கவில்லை. வலக்கையை இடக்கையால் ஏந்திக்கொண்டிருந்தான். விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்தன. நகங்கள் கறுத்திருந்தன. உதடு கிழிந்து பல்லோடு ஒட்டியிருந்தது.

“என்னா பாப்பா, கிடைச்சிடுச்சா?” என்றான்.

“தொலையவே இல்லண்ணா.”

அவன் ஆபீசரை ஒருமுறை பார்த்தான், பிறகு உடைந்த விளக்கோடு வாசலில் நின்ற ஸ்கூட்டரைப் பார்த்தான். ஆபீசர் அவன் முன்னால் கைகூப்பினார். அண்ணனால் திருப்பிக் கும்பிட முடியவில்லை.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்துக் கட்டினார்கள். இரண்டு விரல்கள் இனி மடங்காது என்றார் டாக்டர். இடுக்கி பிடிக்கிற வேலை இனி அவனுக்கு இல்லை. இதைக் கேட்ட அன்று அப்பா சம்மட்டியை எடுத்துக்கொண்டு, ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று கிளம்பினார். ரோடு வரைக்கும் போனார். அங்கே நின்று ஒரு புளியமரத்தை அடித்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்து என்னைப் பார்த்து, “உன் படிப்பாலதான் எல்லாம்” என்றார். கையை ஓங்கவில்லை. நான் ஓங்கட்டும் என்று நிமிர்ந்துதான் நின்றிருந்தேன்.

“உடு பாப்பா” என்றான் அண்ணன். “கேஸு கீஸுன்னு போனா உன் வேல போயிடும். கை போனது போச்சு. நீ நின்னியானா போதும்.”

ஆபீசர் அதன்பிறகு கம்பெனிக்கு வரவில்லை. சாட்சி சொல்ல வருவாரா என்று கேட்க, நான் பெங்களூரில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். கதவைப் பாதி திறந்து நின்று, “பயமா இருக்கு. ஆனா கூப்பிட்டா வர்றேன்” என்றார். அவர் மனைவி அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

பிறகு ஒருநாள் மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அந்த அறையில் என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

“நீ புத்திசாலி. கம்பெனிக்கு அது தெரியும்” என்றார். “இனிமே நீ டேட்டா என்ட்ரி இல்லே, சிஸ்டம் அசிஸ்டென்ட். ரூட் பாஸ்வேர்ட் உன் கையில. உங்க ஜாதி ஜனத்துல எந்தப் பொண்ணு இப்படி உக்காந்திருக்கா, சொல்லு? ஒண்ணே ஒண்ணு. உங்கண்ணன் கை மெஷின்ல அடிபட்டதுன்னு கையெழுத்துப் போட்டுடு. ஸ்டேஷன் பேச்சே வரக்கூடாது. அது வந்தா என் பேரும் கூட வரும், புரியுதா?”

ரூட் பாஸ்வேர்ட் எனக்கு வேண்டும். அந்த மரத்தில் பூட்டிய கிளை ஒன்றுகூட இல்லாமல் பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது பொய்யில்லை. அந்த நாற்காலி என்னுடையதுதான். அதை யார் கொடுத்தும் நான் வாங்க வேண்டியதில்லை.

அவர் பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

அன்று காலை கோர்ட் திறந்ததும் முதலில் வேண்டாம் என்ற அண்ணனோடும் ஒரு வக்கீலோடும் உள்ளே போய், கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து, மாஜிஸ்திரேட் முன்னால் எல்லாவற்றையும் சொல்லி, இன்ஸ்பெக்டர் பெயரையும் மேனேஜர் பெயரையும் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நான் ஷிப்டுக்கு வந்திருந்தேன்.